சம்பளம் தராத கிளப்பை விட்டு முறையாக வெளியேறுவது எப்படி: ஒரு காற்பந்து ஆட்டக்காரரின் அனுபவம்

காற்பந்து ஆட்டக்காரர் ஒருவர் கிளப் மாறும்போது காகிதத்தில் இரண்டு காரியம் நடக்க வேண்டும். பழைய கிளப்போடு உள்ள ஒப்பந்தம் முடிய வேண்டும். புதிய கிளப்பின் பேரில் பதிவு ஏற வேண்டும். இரண்டுக்கும் தனித்தனித் தேதி, தனித்தனி விதி. சம்பளம் ஒழுங்காக வரும் காலத்தில் இதையெல்லாம் மேனேஜர் பார்த்துக்கொள்வார். சம்பளம் நின்றுவிட்டால் அந்த இரண்டு தேதிகளும் ஒன்றோடொன்று முட்டும், நடுவில் ஆட்டக்காரன் மாட்டிக்கொள்வான். எனக்கு அப்படி நின்றது ஐந்து மாதச் சம்பளம். மாதம் 4,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வீதம் 22,500 வெள்ளி. கடைசியில் கைக்கு வந்தது 14,000. பாதி சீசன் எந்தக் கிளப்பின் பட்டியலிலும் பெயர் இல்லாமல் போனது. லாயர் கடிதம், பெட்ரோல், டோல், வாடகை வீட்டு டெபாசிட் எல்லாம் இதில் சேராது. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, தோட்டத் திடலில் பந்து பழகி, சிரம்பானுக்குத் தேர்வுக்குப் போகும் பையன்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆட்டக்காரர் எஸ். குணாலன் நெகிரி செம்பிலானிலிருந்து சிலாங்கூர், அங்கிருந்து ஜொகூர் டாருல் தாக்சிம் என்று போனதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் படிப்பதற்காக இதை எழுதுகிறேன்.

கையெழுத்திடும் நாளிலிருந்து தொடங்குகிறேன். அநேகமாக ஸ்டேடியம் ஆபீஸிலோ ஹோட்டல் லாபியிலோ வைத்து, போட்டோ எடுக்க ஜெர்சியும் தயாராக இருக்கும் நேரத்தில்தான் ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது, எதிர்த்தரப்பில் கையெழுத்து வைப்பது யார் என்பது. நம் நாட்டில் மாநிலக் காற்பந்து சங்கங்களின் அணிகள் எல்லாம் தனியார் நிறுவனங்களாக மாறிவிட்டன. ஜெர்சியில் மாநிலத்தின் பெயர் இருந்தாலும் கடன்படுவது ஒரு செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனம்தான். அந்த நிறுவனத்தின் பதிவு எண் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த எண்ணை வைத்து, கம்பெனிகளைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்.எஸ்.எம். இணையத்தளத்தில் சின்னக் கட்டணம் கட்டினால் இயக்குநர்கள் யார், கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து, புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யத் தடை விதிக்கப்பட்ட கிளப்புகளின் பட்டியலை ஃபிஃபா தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. யாரோ ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைத் தீர்ப்புக்குப் பிறகும் 45 நாளில் கட்டாத கிளப் அந்தப் பட்டியலில் ஏறும். தடை மூன்று பதிவுக் காலம் வரை நீளலாம். அந்தப் பட்டியலில் உள்ள கிளப்போடு கையெழுத்திட்டால் ஒப்பந்தம் கையில் இருக்கும், களத்தில் இறங்க முடியாது. வெளிநாட்டுக்காரருக்கே பணம் தராத கிளப் உள்ளூர்ப் பையனுக்கு எந்த வரிசையில் இடம் கொடுக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் தொகை பிரிந்து கிடந்தால் கவனம் வேண்டும். அடிப்படைச் சம்பளம் 2,500, மீதி 2,000 "அலவன்ஸ்" அல்லது "இமேஜ் ரைட்ஸ்" என்று வேறொரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள். லீக்கிடம் பதிவாவது முதல் தாள் மட்டும். பிரச்சினை வந்தால் இரண்டாவது தாளைத் தூக்கிக்கொண்டு நீங்கள்தான் வாதாட வேண்டும். வீட்டு வாடகை, சைனிங் பணம், ஆட்டத்துக்கு ஆட்டம் போனஸ் எல்லாம் ஒரே ஒப்பந்தத்தில், எந்தத் தேதியில் கொடுக்கப்படும் என்ற வரியோடு இருக்க வேண்டும். "மாத இறுதியில்" என்று இருந்தால் "ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள்" என்று மாற்றச் சொல்லுங்கள். தேதி இல்லாத கடனுக்குக் கெடு வைக்க முடியாது. முடிவு நாளும் அப்படித்தான். "சீசன் முடியும் வரை" என்று எழுதாமல் நாள், மாதம், வருடம் வேண்டும். நம் லீக்கின் காலண்டரே சமீபத்தில் இடம் மாறியது. 2024-25 சீசன் மே மாதம் தொடங்கி அடுத்த ஏப்ரல் வரை ஓடியது, அடுத்தது ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. தேதி இல்லாத ஒப்பந்தத்தில் அந்த இடைவெளி மாதங்களுக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பதே சண்டையாகும். ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் அதிகபட்சம் 5 ஆண்டு. 18 வயது நிரம்பாதவருக்கு 3 ஆண்டுதான். மெடிக்கல் பாஸானால்தான் செல்லும் என்ற ஷரத்தையும் ஃபிஃபா ஏற்பதில்லை. மெடிக்கலைக் கையெழுத்துக்கு முன்னாலேயே கிளப் முடித்திருக்க வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட்ட நகல் ஒன்றை அன்றைக்கே வாங்குங்கள். "எம்.எப்.எல்.லுக்கு (லீக்கை நடத்தும் அமைப்பு) அனுப்பிவிட்டு அப்புறம் தருகிறோம்" என்பார்கள். வாங்காமல் எழுந்திருக்காதீர்கள், குறைந்தது ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் நிற்பதற்கு முன்னாலேயே ஒரு அறிகுறி வரும். ஜெர்சி, பூட்ஸ் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர்தான் எனக்குச் சொன்னார்: "தம்பி, சம்பளம் வந்துச்சான்னு பாக்காதே, ஈ.பி.எப். ஏறுச்சான்னு பாரு." ஈ.பி.எப். என்பது ஊழியர் சேமநிதி. அன்றிரவு ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து போனில் அதன் ஐ-அகவுன் செயலியைத் திறந்தேன். கடைசி மூன்று மாதங்களுக்கான வரிசையே இல்லை. சம்பளச் சீட்டில் என் பங்கு 11 விழுக்காடு, 495 வெள்ளி, ஒவ்வொரு மாதமும் வெட்டப்பட்டிருந்தது. கிளப்பின் பங்கு 13 விழுக்காடு, 585 வெள்ளி, என்றும் அச்சடித்திருந்தது. சம்பளம் 5,000 வெள்ளிக்குள் இருந்தால் முதலாளியின் பங்கு 13 விழுக்காடு; அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கிளப்பில் பணம் குறையும்போது முதலில் நிற்பது இதுதான். சம்பளம் நின்றால் ஆட்டக்காரர்கள் கத்துவார்கள், ஈ.பி.எப். நின்றால் பல மாதம் யாருக்கும் தெரியாது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதியான சொக்சோவையும் இதே போல் பாருங்கள். முழங்கால் தசைநார் அறுந்தால் அறுவை முடிந்து களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும். அந்தக் காலத்தில் சொக்சோ கட்டப்பட்டிருக்கிறதா என்பது வீட்டுச் சோற்றுப் பிரச்சினை. சில கிளப்புகள் ஆட்டக்காரரைத் தொழிலாளியாகக் காட்டாமல் தனிச் சேவை ஒப்பந்தக்காரராக எழுதி இந்தச் சந்தாக்களையே தவிர்க்கப் பார்க்கும். அதையும் கையெழுத்துக்கு முன்னால்தான் பேச முடியும்.

கிளப்புகளில் ஏன் பணம் நிற்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் "அடுத்த மாசம் வந்துடும்" என்ற பேச்சை எடைபோட வசதியாக இருக்கும். பல கிளப்புகளின் வருமானம் மாநில அரசையும், மாநிலத் தொடர்புள்ள நிறுவனங்களின் விளம்பரப் பணத்தையும் நம்பி நிற்கிறது. டிக்கெட் வருமானம் சம்பளப் பட்டியலில் ஒரு மூலைக்குக்கூடப் போதாது. சீசன் தொடக்கத்தில், வரும் என்று நம்பிய பணத்தை வைத்து வெளிநாட்டு ஆட்டக்காரர்களை எடுத்துவிடுவார்கள். ஆட்சியோ நிர்வாகமோ மாறினால், ஸ்பான்சர் தவணை தள்ளிப்போனால், உள்ளூர்ச் சம்பளம்தான் முதலில் தேங்கும். சம்பளப் பாக்கி வைத்த மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் 2023 சீசனுக்கு லைசென்ஸ் கிடைக்காமல் வெளியே நின்றன. மலேசிய இந்தியர் காற்பந்து சங்கத்தின் வழி வந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி 2022 சீசனோடு தானாகவே விலகிக்கொண்டது. நம் பையன்கள் பலருக்கு அதுதான் வாசல். இரண்டாம் நிலை பிரிமியர் லீக்கும் 2022உடன் நின்றது. 18 அணி என்று பேசப்பட்ட 2023 சூப்பர் லீக் 14 அணியோடு ஓடியது, அடுத்த சீசன் 13. அணி குறைந்தால் வேலையும் குறையும். ஆட்டக்காரன் பாக்கியைச் சகித்துக்கொண்டு இருப்பதற்கு இதுதான் காரணம், கிளப்புக்கும் அது நன்றாகத் தெரியும்.

பாக்கி விழுந்த பிறகு நடந்ததுதான் உள்ளுக்குள் அரித்தது. வார இறுதியில் தோட்டத்துக்கு வந்தால் கோயில் வாசலில், கடையில், "அடுத்த மேட்ச் டிவியில் எப்போ?" என்று கேட்பார்கள். மைவி கார் தவணைக்கு அக்கா கூட்டு (சீட்டு) எடுத்த பணத்தைக் கொடுத்தார். செம்பனை அறுத்து வந்த அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. கோபத்தில் பயிற்சிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று தோன்றும். அந்த ஒரு காரியத்தை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள். சம்பளம் தராதது கிளப்பின் மீறல். பயிற்சிக்குப் போகாமல் இருந்தால் உங்கள் பக்கமும் ஒரு மீறல் உருவாகிவிடும். பிறகு "அவன்தான் ஒப்பந்தத்தை முறித்தான்" என்று எழுத அவர்களுக்கு ஒரு தாள் கிடைக்கும். ஒவ்வொரு நாளும் போய் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுங்கள், அதைப் படம் பிடியுங்கள். உங்களைத் தனியாக ஓடச் சொன்னாலோ, உடை மாற்றும் அறைக்குள் விடாவிட்டாலோ, அன்றைக்கே தேதியோடு மேனேஜருக்கு வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். ஆட்டக்காரனைத் தானாக ஓட வைக்க கிளப் கொடுக்கும் தொல்லையை ஃபிஃபா விதியும் தனிக் காரணமாகவே எடுத்துக்கொள்கிறது.

இனி முக்கியமான விதி. 2018 ஜூன் முதல் ஃபிஃபாவின் ஆட்டக்காரர் தகுதி, மாற்ற விதிகளில் 14பிஸ் என்று ஒரு பிரிவு இருக்கிறது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் வராவிட்டால், ஆட்டக்காரர் எழுத்து மூலம் கிளப்புக்குத் தவணை தவறிய அறிவிப்பு கொடுத்து, குறைந்தது 15 நாள் கெடு தர வேண்டும். கெடுவுக்குள் முழுப் பணமும் வராவிட்டால் அவர் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். இதில் மூன்று இடத்தில் ஆட்கள் வழுக்குகிறார்கள். முதலாவது, வாய்ப்பேச்சும் டீம் மீட்டிங்கில் கத்துவதும் அறிவிப்பு ஆகாது. இரண்டாவது, கெடு முடிந்ததும் ஒப்பந்தம் தானாக முறிவதில்லை. "கெடு முடிந்தது, பணம் வரவில்லை, இன்றிலிருந்து ஒப்பந்தத்தை முறிக்கிறேன்" என்று இரண்டாவது கடிதம் போக வேண்டும். மூன்றாவது, கிளப் இடையில் கொஞ்சம் பணம் போடும். பாக்கி இரண்டு மாதத்தைத் தொடும் வாரத்தில் திடீரென்று ஒரு மாதச் சம்பளம் கணக்கில் ஏறும். பாக்கியை இரண்டுக்குக் கீழே வைத்திருக்கத்தான் அது. பணம் வந்த அன்றே "இது இன்ன மாதச் சம்பளமாக வரவு வைக்கப்படுகிறது, இன்னும் இன்ன மாதங்கள் பாக்கி" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். செம்பனைக் குலையை அறுத்தவன் பிளாட்பாரத்தில் தானே எண்ணிப் பார்த்துவிட்டுத் தோட்டக் கணக்கரான கிராணியின் கணக்குக்குக் காத்திருப்பது போல, உங்கள் பாக்கிக் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அறிவிப்புக் கடிதம் ஒரு பக்கம் போதும். முழுப்பெயர், அடையாள அட்டை எண், ஒப்பந்தத் தேதி, பாக்கியான ஒவ்வொரு மாதமும் அதன் தொகையும் தனித்தனி வரியில், மொத்தம், உங்கள் வங்கிக் கணக்கு எண், கடைசி நாள் இன்ன தேதி என்று தெளிவாக, தவறினால் நியாயமான காரணத்தோடு முறித்து நிலுவையும் இழப்பீடும் கோருவேன் என்ற வாக்கியம். வங்கி எண்ணை விட்டுவிட்டால் "எங்கே கட்டுவது என்று தெரியவில்லை" என்பார்கள். ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலிலும், கிளப்பின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலிலும், நேரிலும் கொடுங்கள். நேரில் கொடுக்கும்போது இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் தேதி போட்டு ஆபீஸ் சாப்பு (முத்திரை) குத்தி வாங்குங்கள். தபால் ரசீதைச் சட்டைப் பையில் வைத்தால் மை அழிந்துவிடும். அன்றைக்கே படம் எடுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். மலேசிய ஆட்டக்காரர், மலேசியக் கிளப் என்றால் வழக்கு ஃபிஃபாவுக்குப் போகாது. ஃபிஃபா எடுப்பது இரு நாட்டுத் தொடர்புள்ள தகராறுகளைத்தான். உள்ளூர் விவகாரம் மலேசியக் காற்பந்து சங்கமான எப்.ஏ.எம்.மின் அமைப்புக்குள் அல்லது ஒப்பந்தத்தில் எழுதிய மத்தியஸ்தத்துக்குப் போகும். ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் முறிவு ஷரத்தில் எத்தனை நாள் கெடு என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். 30 நாள் என்றிருந்தால் 30 நாள் கொடுங்கள். கூடுதலாகக் கொடுத்த நாளால் யாரும் தோற்பதில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கமான பி.எப்.ஏ.எம்.மில் உறுப்பினராகச் சேருங்கள், அதுவும் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே. கடிதம் எழுத உதவுவார்கள், எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று சொல்வார்கள். ஈ.பி.எப்., சொக்சோ கட்டாததை அந்தந்த அலுவலகத்தில் தனிப் புகாராகக் கொடுங்கள். காற்பந்து வழக்கு முடியும்வரை அது காத்திருக்கத் தேவையில்லை. வேலை நீக்கமாக இதைத் தொழில் உறவுச் சட்டத்தின் கீழ் கொண்டுபோக நினைத்தால் நீக்கப்பட்ட 60 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். வெளிநாட்டுக் கிளப்பாக இருந்து ஃபிஃபாவுக்குப் போவதானால் இரண்டு ஆண்டு வரம்பு உண்டு. அங்கே ஆட்டக்காரர் கட்ட வேண்டிய வழக்குக் கட்டணம் இல்லை. ஃபிஃபா முறைப்படி, நிலுவை போக ஒப்பந்தத்தின் மீதிக் காலத்துக்கும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் அந்த மீதிக் காலத்தில் புதிய கிளப்பில் வாங்கும் சம்பளம் அதிலிருந்து கழியும். பாக்கி காரணமாக முறிந்த வழக்காக இருந்தால் கூடுதலாக மூன்று மாதச் சம்பளமும் கணக்கில் வரும். இதைத் தெரிந்துகொண்டு பேசினால் கிளப் நீட்டும் தொகை பெரியதா சின்னதா என்று புரியும்.

பெரும்பாலோர் மாட்டுவது அடுத்த தாளில். புதிய கிளப் கூப்பிடுகிறது, பழைய கிளப் விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். "சூராட் பெலெப்பாசான் ரெடி, வந்து கையெழுத்துப் போடு" என்று அழைப்பு வரும். போனால் மேசையில் இருப்பது இரு தரப்பு சம்மத முறிவு ஒப்பந்தம். எனக்கு நீட்டியதில் நான்காவது பத்தி, சிறிய எழுத்தில், கடைசி வரி: இரு தரப்புக்கும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, இதுவே முழுமையான இறுதித் தீர்வு. அதற்குக் கீழே என் பெயர், கோடு, பேனா. அதில் கையெழுத்திட்டால் 22,500 வெள்ளியும் அந்த நிமிடமே முடிந்தது. மலாய் மொழியில் "பெனோ டான் முக்தாமாட்" என்ற சொற்கள் எங்கே வந்தாலும் பேனாவைக் கீழே வையுங்கள். நான் கேட்டது இரண்டு மாற்றம். பாக்கித் தொகை எண்ணிலும் எழுத்திலும் வர வேண்டும். தவணைத் தேதிகள் வர வேண்டும். மூன்றாவதாக லாயர் ஒரு வரி சேர்த்தார், அதுதான் காப்பாற்றியது: ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே செலுத்த வேண்டியதாகும். அந்த வரி இல்லாவிட்டால் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாகத் துரத்த வேண்டும். பேரம் பேசி 14,000க்கு இறங்கினேன். வலித்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பணத்தைவிடப் பெரிய இழப்பு காலண்டரில் நடந்துகொண்டிருந்தது.

காலண்டர் என்றது பதிவு விண்டோவை, அதாவது கிளப்புகள் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யக்கூடிய காலத்தை. ஆண்டுக்கு இரண்டு விண்டோ: சீசனுக்கு முன் நீண்டது, நடுவில் குட்டையானது. விண்டோ மூடிய பிறகு ஒப்பந்தம் முடிந்தால் அடுத்தது திறக்கும்வரை உட்கார வேண்டும். ஒரு விலக்கு உண்டு: விண்டோ மூடுவதற்கு முன்பே ஒப்பந்தம் முடிந்துவிட்ட ஆட்டக்காரரை விண்டோவுக்கு வெளியிலும் பதிவு செய்ய ஃபிஃபா விதி இடம் கொடுக்கிறது. உள்ளூர்ப் போட்டி விதி அதை ஏற்கிறதா என்று லீக்கிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆக, விண்டோ மூடும் தேதியை ஒரு தாளில் எழுதி அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். புதிய கிளப்பின் மெடிக்கலுக்கும் பதிவுக்கும் ஒரு வாரம், முறிவுக் கடிதம், அதற்கு முன் 15 அல்லது 30 நாள் கெடு, அதற்கும் முன் அறிவிப்பு போய்ச் சேர இரண்டு மூன்று நாள். கூட்டினால் விண்டோ மூடுவதற்கு ஒரு மாதத்துக்கு, ஒப்பந்தம் 30 நாள் கேட்டால் ஆறு வாரத்துக்கு, முன்னால் முதல் கடிதம் புறப்பட்டிருக்க வேண்டும். "அடுத்த வாரம் ஸ்பான்சர் பணம் வருது" என்ற வாக்குறுதி சரியாக அந்த வாரங்களில்தான் வரும். அந்த வாக்குறுதியை நம்பிக் காத்திருக்கலாம், தப்பில்லை. ஆனால் கடிதத்தை அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். கெடுவுக்குள் பணம் வந்தால் ஒப்பந்தம் தொடரும், யாருக்கும் நஷ்டமில்லை. என் விஷயத்தில் கெடு முடிவதற்குள் விண்டோ மூடியது, என்னைக் கூப்பிட்ட கிளப் வேறொரு இடது பேக் ஆட்டக்காரரை (இடப்பக்கத் தற்காப்பாளரை) எடுத்துக்கொண்டது.

உட்கார்ந்திருக்கும் காலத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. ஃபிஃபா விதிப்படி ஒரே சீசனில் அதிகபட்சம் மூன்று கிளப்பில் பதிவாகலாம். அதிகாரப்பூர்வ ஆட்டம் ஆடுவது இரண்டு கிளப்புக்கு மட்டுமே. சீசன் தொடக்கத்தில் பழைய கிளப்புக்கு ஓர் ஆட்டத்தில் கடைசி ஐந்து நிமிடம் இறங்கியிருந்தாலும் அது ஒன்று. இடையில் நண்பன் கூப்பிட்டான் என்று ஏ1 செமி-புரோ லீக் அணி ஒன்றில் பதிவாகி ஆடினால் அது இரண்டு. பிறகு நடு சீசனில் சூப்பர் லீக் கிளப் கூப்பிட்டால் பதிவாகலாம், ஆட முடியாது. தொழில்முறைப் பதிவிலிருந்து அமெச்சூராக மாறுவதற்கும், கடைசித் தொழில்முறை ஆட்டத்திலிருந்து 30 நாள் கழிய வேண்டும். தோட்டத்துத் தீபாவளிக் கிண்ணம், ஒரு நாள் ஏழு பேர் போட்டி இவை எல்லாம் இந்தக் கணக்கில் வராது. ஆனால் அந்தத் திடல்களின் நிலை உங்களுக்கே தெரியும். கணுக்கால் போனால் செலவு முழுக்க உங்களுடையது. நான் காலையில் தோட்டத் திடலில் தனியாக ஓடினேன், மாலையில் பகாவ் ஜிம்முக்குப் போனேன். உடம்பு தாங்கியது. போட்டி வேகம் குறைந்தது, அது திரும்பி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

பதிவில்லாமல் இருப்பவரை ஏஜென்டுகள் தேடி வருவார்கள். 2023 அக்டோபர் முதல் ஆட்டக்காரர் சார்பாகப் பேச ஃபிஃபா லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் பெற்றவர்களின் பெயர் ஃபிஃபாவின் ஏஜென்ட் பட்டியலில் தேடினால் கிடைக்கும்; கிடைக்காவிட்டால் பேச்சை நிறுத்துங்கள். ஆட்டக்காரரோடு போடும் ஏஜென்ட் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, தானாகப் புதுப்பிக்கப்படவும் கூடாது. எனக்கு வந்தவர் கம்போடியக் கிளப் ஒன்றின் பெயரில் தேர்வுக் கடிதம் காட்டி, டிக்கெட், "பதிவுச் செலவு" என்று 3,000 வெள்ளி கேட்டார். ஆட்டக்காரரை உண்மையிலேயே எடுக்க விரும்பும் கிளப் அவரிடம் பதிவுச் செலவு கேட்பதில்லை. கிளப்பின் இணையத்தளத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு நேராக எழுதிக் கேட்டேன், அப்படி யாரையும் அழைக்கவில்லை என்று பதில் வந்தது. உண்மையான வெளிநாட்டு அழைப்பாக இருந்தால் புதிய நாட்டின் சங்கம் எப்.ஏ.எம்.மிடம் பன்னாட்டு மாற்றச் சான்றிதழைக் கணினி வழி கேட்கும். அதை ஆட்டக்காரர் கையில் சுமந்துகொண்டு போவதில்லை, அதற்குக் காசும் கட்டுவதில்லை. முன்பெல்லாம் பழைய கிளப் "தகராறு இருக்கிறது" என்று சொல்லி அதைத் தடுத்து வைக்கும். பிரெஞ்சு ஆட்டக்காரர் லசானா டியாரா வழக்கில் 2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு, 2025 ஜனவரியில் ஃபிஃபா இந்த விதியை மாற்றியது. சம்பளத் தகராறு ஒரு பக்கம் நடக்கட்டும், ஆட்டக்காரர் ஆடட்டும் என்பதே இப்போதைய போக்கு.

இதைச் சொல்லும்போது தோட்டத்து அணிகளை நினைத்துக்கொள்கிறேன். தொகை கொடுத்து ஒரு ஆட்டக்காரரை வேறு நாட்டுக் கிளப் வாங்கினால், அந்தத் தொகையில் 5 விழுக்காடு அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை பழக்கிய கிளப்புகளுக்குப் பங்காகப் போக வேண்டும். சங்கத்தில் பதிவான கிளப்பாக இருந்தால்தான் அந்தப் பங்கு கிடைக்கும். பையனைப் பத்து வருடம் பழக்கிய தோட்டத்து மாஸ்டருக்கு ஒரு காசும் வராது, ஏனென்றால் அவருடைய அணியின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. மாவட்டச் சங்கத்தின் வழி அணியைப் பதிவு செய்து, பையன்களின் பெயரையும் ஆண்டுதோறும் ஏற்றிவிடுங்கள். ஆட்டக்காரரின் பதிவு வரலாறு அங்கிருந்தே தொடங்கட்டும்.

கடைசியாக, தவணை வாங்கும் விதம். காசோலை வேண்டாம், நேரடி வங்கி மாற்றம் கேளுங்கள். தலைப்பில் "தீர்வு ஒப்பந்தம், தவணை 2" என்று எழுதச் சொல்லுங்கள். ஆண்டு முடிந்ததும், வருடச் சம்பளத்தைக் காட்டும் வரிப் படிவமான போராங் ஈ.ஏ. கேட்டு வாங்குங்கள், பிப்ரவரிக் கடைசிக்குள் தர வேண்டும். வாங்காத சம்பளத்தை வாங்கியதாக அதில் காட்டியிருந்தால் உடனே எழுத்தில் மறுப்புக் கொடுங்கள், இல்லாவிட்டால் வராத பணத்துக்கு வரி கேட்டுக் கடிதம் வரும். வெட்டிய வரி உண்மையில் கட்டப்பட்டதா என்பதையும் வருமான வரி வாரியமான எல்.எச்.டி.என். கணக்கில் பார்க்கலாம். கடைசித் தவணைக்கு முன்னால் "முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதில் கையெழுத்துக் கேட்பார்கள், நாளை போட்டுவிடுகிறோம் என்பார்கள். பணம் கணக்கில் ஏறியதை வங்கிச் செயலியில் பார்த்த பிறகு போடுங்கள். எனக்கு அந்தக் கடைசி 2,000 வெள்ளி, ரசீதைத் தராமல் வைத்திருந்ததால்தான் வந்தது.